நாற்பத்தொன்றாவது புள்ளி

மார்ச் மாதம் பத்தாம் தேதி காலை, நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து, நகரத்துப் பொதுக் கழிப்பறைகளைக் காட்டும் வரைபடம் இணையத்தில் வெளியிடப்பட்டது. அதில் நாற்பத்தொரு புள்ளிகள் இருந்தன. நகரத்தில் இருந்த கழிப்பறைகள் நாற்பது.

நாற்பத்தொன்றாவது, வரைபடத்தைச் செய்தவரின் வீடு.

அலுவலகத்தில் எல்லாரும் அவரை மேப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு புள்ளி தேவைப்பட்டது. சரியான இடத்தில் விழுகிறதா என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லக்கூடிய ஒரே இடம் சொந்த வீடு. புள்ளியை வாசலில் வைத்திருக்கலாம். ஆனால் அது அவர் குணமில்லை. படத்தைப் பெரிதாக்கி, பின்பக்கக் குளியலறைக் கூரையின் நட்டநடுவில் வைத்தார். 'இலவசம். எந்நேரமும் திறந்திருக்கும். வெந்நீர் உண்டு' என்று விவரமும் அடித்துப் பார்த்தார். எல்லாம் அச்சுப் பிசகாமல் வேலை செய்தது. அந்தப் பூரிப்பில் அதை அழிக்க மறந்துவிட்டார்.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, யூனிபார்ம் போட்ட ஒருத்தர் வந்து பாத்ரூம் எங்கேன்னு கேக்கறாரு."

"எந்த பாத்ரூம்?"

"நம்ம பாத்ரூம்தான். போன்ல பச்சைப் புள்ளி காட்டறாரு. வாசல்ல நிக்கக்கூட இல்ல, நேரா பின்பக்கம் போயிட்டாரு."

மேப்புக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"திருப்பி அனுப்பிட்டியா?"

"எங்க அனுப்பறது? மனுஷன் நெளியறாரு. உள்ள விட்டுட்டேன்." சற்று நிறுத்தி, "ஏங்க, இந்த மேப்பு நீங்க போட்டதுதானே?" என்றாள்.

"நான்தான். தப்புதான், உடனே எடுத்துடறேன்."

"சரி, வைங்க."

போனை வைத்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறவள் அவள். அந்த 'ஏதோ'வுக்கு இனி ஒரு பெயர் கிடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி காத்திருந்தது. முற்பகலில் தலைமை அதிகாரி வரைபடத்தைப் பார்க்க வருகிறார். திருப்தியானால் மேப் பிரிவு நிரந்தரமாகும். இல்லையென்றால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும். மேப்புக்காரர் பழையபடி வீட்டுவரிப் பிரிவில் முத்திரை குத்தப் போவார். மேப் பிரிவு என்பதே அவர் ஒருவர்தான்.

தரவிலிருந்து புள்ளியை அழித்தார். திரையைப் புதுப்பித்தார். பச்சைப் புள்ளி அப்படியே சிரித்தது.

காரணம் அவருக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கு உடனுக்குடன் காட்டவேண்டும் என்பதற்காக, சர்வர் வரைபடத்தை முன்கூட்டியே துண்டு துண்டாக வரைந்து சேமித்து வைத்திருக்கும். தரவில் அழித்தாலும் பழைய படங்கள் அழியாது. அப்படி வேகமாக ஓடும்படி அமைத்ததும் அவர்தான். அதைப் பற்றி ஒரு மாதம் பெருமையடித்ததும் அவர்தான்.

மறுபடி போன். "மூணு பேரு வந்துட்டாங்க. துண்டு ஈரமாயிடுச்சு. புதுசு எங்க வெச்சீங்க?"

"அலமாரி மேல்தட்டுல. துண்டெல்லாம் எதுக்குக் குடுக்கற?"

"கையைக் கழுவிட்டு உதறிக்கிட்டே போகச் சொல்றீங்களா? நம்ம வீட்டுலயா?"

இனி அரைகுறை வைத்தியம் உதவாது என்று முழு வரைபடத்தையும் புதிதாக வெளியிட்டார். பழையதன்மேல் எழுதவா என்று சர்வர் கேட்டது. ஆமாம் என்றார். உறுதிதானா என்றது. உறுதிதான் என்று பொத்தானை அமுக்கினார். அவசரத்தில் அவர் அனுப்பியது சோதனைக் கோப்பை. அதில் இருந்தது ஒரே ஒரு புள்ளி.

மேப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட வீட்டுவரிப் பிரிவுத் தலைவர் ஓடிவந்தார்.

"என்னய்யா இது? ஊர் முழுக்க ஒரே ஒரு கழிப்பறை காட்டுது! ராத்திரியோட ராத்திரியா நாப்பதையும் இடிச்சிட்டோமா?"

"சின்ன அப்டேட் சார்."

"சின்னதா? அந்த ஒண்ணு எங்கய்யா இருக்கு?"

"குடியிருப்புப் பகுதியில சார்," என்றார் மேப்புக்காரர். அது பொய்யில்லை.

போன் அதிர்ந்தது. "என்னங்க, ஒரு பஸ் வந்து நிக்குது. ஒரே நேரத்துல எத்தனை பேரு வரலாம்னு கேக்கறாங்க."

கால் மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு அவர் சேவையையே நிறுத்தினார். திரை வெறுமையானது. அதே நொடியில் கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு! படத்தைப் போடுய்யா!" என்று பிரிவுத் தலைவர் தலையில் கைவைத்தார்.

மேப்புக்காரர் சரியான கோப்பைத் திறந்தார். இந்தமுறை பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்தே வெளியிட்டார். தலைமை அதிகாரி படியேறினார், கைகுலுக்கினார், நாற்காலியில் சாய்ந்தார். வடக்குப் பக்கம் திரையில் விழுந்தது, பிறகு கிழக்கு, பிறகு ஆற்றங்கரை. நாற்பது புள்ளிகள். ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. மேப்புக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது. மனைவி போனை எடுக்கவில்லை என்பது மட்டும்தான் உறுத்தியது.

தலைமை அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். கை பாதியில் நின்றது.

"இதுல ஒண்ணு குறையுதே. காலையில நாப்பத்தொண்ணு இருந்துச்சே?"

தலைமை அதிகாரி திரையில் விரலை ஓட்டித் தேடினார்.

"அந்த ஒண்ணுக்காகத்தான் இந்தப் பிரிவு வேணும்னே முடிவு பண்ணேன். என் டிரைவர் போயிட்டு வந்து சொன்னாரு, சோப்பு, துண்டு, வெந்நீர் எல்லாம் இருக்காம். நம்ம நகராட்சியிலயான்னு எனக்கே நம்ப முடியல. யாரு அதைப் பராமரிக்கறது?"

மேப்புக்காரர் வாயைத் திறப்பதற்குள், கதவோரம் கோப்புப் பையுடன் நின்ற யூனிபார்ம் டிரைவர் ஓரடி முன்னால் வந்தார்.

"பேரு தெரியாதுங்க ஐயா, ஒரு அம்மா. இப்ப வர்ற வழியிலயும் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுதான் வந்தேன், பஸ் நிறைய கூட்டம். காலைத் துடைச்சிட்டு உள்ள வான்னு அதட்டறாங்க. ஆனா ஒவ்வொருத்தரையும் வாசல்ல நிறுத்தி, 'இந்த மேப்பைப் போட்டதே எங்க வீட்டுக்காரருதான்'னு சொல்லித்தான் வெளியில விடறாங்க."