கோதண்டபாணி முன்வரிசை வென்ற படலம்

பீங்கான் நகராம் விருத்தாசலத்தின் வீரத் திருமகனே, முப்பத்தெட்டு ஆண்டுகள் சூளையின் அனற்கண்ணை நேர்நோக்கியும் இமை கொட்டாத தீரனே, பீங்கான் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நாற்பத்தேழாம் எண் உறுப்பினனே, கோதண்டபாணியே, வாழி! இவன் போர்த்திறம் பாட எமக்கு நா வழங்குக, மணிமுத்தாற்றங்கரைத் தெய்வங்களே. தெய்வங்களுக்கு வேறு வேலை இருப்பின் யாமே பாடிக்கொள்வோம்.

போர் மூண்ட காரணம் இது. நாற்பத்தோராண்டுகளுக்கு முன், கூட்டுறவின் மாண்பை நாடறியச் செய்ய எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், கொடியேற்றத்துக்கு அடுத்த காட்சியில், ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய பலகையைத் தலையில் ஏந்தி, காமிராவைப் பார்த்துச் சிரித்தபடி மூன்று விநாடி நடந்து போனவர் நம் பாட்டுடைத் தலைவர். இதை மனைவி சொர்ணாம்பாளிடம் மணநாள் தொட்டுச் சொல்லிவந்தார். அம்மையாரும் மணநாள் தொட்டு நம்பாமலே வந்தார். "ஆமாங்க, பெரிய சினிமாக்காரரு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலைவருக்கு உண்மையாகவே வலித்தது.

கூட்டுறவு வார விழாவில் அப்படச்சுருள் திரையேறுமென்று சங்கம் முரசறைந்தது. ஒரே காட்சி. ஐந்து மணிக்குச் சுருளும் கருவியும் சேத்தியாத்தோப்பு விழாவுக்குப் போயாக வேண்டும். அம்மையாருக்கோ கண்புரை, முன்வரிசையில் அமர்ந்தாலன்றி எதுவும் தெரியாது. முன்வரிசையிலோ, சிறப்பு விருந்தினருக்கென்று துண்டு விரித்துக் காத்து நின்றார் செயலாளர் விருத்தகிரி.

சேனைகளைப் பிளந்து செல்லும் மதயானையென, மடித்துக் கட்டிய வேட்டியோடு, ஒரு கையில் மனைவியும் மறுகையில் மஞ்சள் பையுமாய் உட்புகுந்து, செயலாளர் திரும்பி மைக்கைத் தட்டிப் பார்த்த அந்த ஒரு கணத்தில் துண்டை அகற்றி, நீல நிற பிளாஸ்டிக் அரியணை இரண்டையும் கைப்பற்றினார் தலைவர். செயலாளர் கெஞ்சினார், விதி காட்டினார், விருந்தினர் வந்துவிட்டதாகக் கூடச் சொன்னார். மண்டபம் கேட்கத் தலைவர் முழங்கினார்:

"யாரு வந்தாலும் சரிங்க. இந்த நாற்காலிய வுட்டு நான் எழுந்திரிக்க மாட்டேன்."

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. ஏழு வண்ணக் கூட்டுறவுக் கொடி கறுப்பு வெள்ளையில் மெல்ல ஏறியது.

கொடி ஏறினால் எழுந்து, வலக்கை நீட்டி, உறுதிமொழி ஏற்பது சங்கத்தின் மாறா மரபு. நாற்பதாண்டுப் பழக்கத்தை உடம்பு மறக்குமோ? எவர்க்கும் எழேன் என்ற மாவீரர் எல்லார்க்கும் முன்னதாக எழுந்தார். கை நீட்டினார். மண்டபமே அவர் பின்னால் எழுந்து உறுதிமொழியை ஒரே குரலில் சொல்லி முடித்தது. கருவியின் ஒளிக்கு நேர் முன்னே நின்றவரின் நிழல் திரையை அடைத்தது. அவர்கள் உட்கார்ந்தபோது படத்தில் யாரோ கரும்பு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். உறுப்பினர் அல்லாததால் எழாமல், வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்த அம்மையார் சொன்னார்: "படத்துல இருந்தீங்களோ என்னமோ, திரை முச்சூடும் நீங்கதாங்க இருந்தீங்க."

பிறகு இருவரும் மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சியில் உள்ள வீட்டுக்குப் போனார்கள்.