நான் 'பீர்' என்று எழுதிய பெட்டி

வளைகுடாவில் நாலு வருடம் குப்பை கொட்டிய எவனுக்கும் இரண்டு வித்தைகள் தானாக வந்துவிடும். ஒன்று, அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் வரிந்து கட்டுவது. இரண்டு, அதன் நாலு பக்கமும் தடித்த மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவது. எனக்கு மூன்றாவதாக ஒன்றும் கைவந்திருந்தது: பீர் காய்ச்சுவது. மூன்றிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அந்தக் காலத்தில் மனப்பூர்வமாக நம்பினேன். (முதல் வித்தையைப் பொறுத்தவரை இன்றும் நம்புகிறேன்.)

இரண்டாயிரத்துச் சொச்சம். எனக்கு இருபத்தெட்டு வயது. துபாய் அல் கூஸில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வாடகை குறைவு என்பதால் அஜ்மானில் மூன்று பேருடன் ஒரே ரூம். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதில் சுமதியோடு வாழ்ந்தது நாற்பது நாள் லீவு மட்டும். மீதியெல்லாம் போன் கார்டு. அவளை அழைத்துவர ஃபேமிலி விசா வேண்டும். அதற்கு முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். முதலாளியோ, குடும்பம் வந்துவிட்டால் ஆள் ஓவர்டைம் பார்க்கமாட்டான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தவர். ஐந்து மாதம் நடையாய் நடந்து, "பிக்னிக் முடியட்டும் தம்பி, சனிக்கெழம பாப்போம்" என்று சொல்லும் அளவுக்கு அவரைக் கரைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் போன் போட்டால் சுமதி கேட்கும் முதல் கேள்வி சாப்பிட்டீர்களா என்பதல்ல, கையெழுத்து ஆச்சா என்பதுதான்.

முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். கீழக்கரைக்காரர். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். வாயில் சிகரெட் வாடை அடித்தாலே பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பார். வருடம் ஒருமுறை, குளிர்காலத்தில், கம்பெனி ஆட்கள் அத்தனை பேரையும் துபாயின் மம்சார் கடற்கரைப் பூங்காவுக்கு வரவழைத்து, தன் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரியாணி போடுவார். அந்த பிக்னிக்குக்குத்தான் நான் பீர் கொண்டு போனேன். மறுநாள் கையெழுத்து வாங்க வேண்டியவன் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். சுமதியும் அதைத்தான் கேட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் ரூம் பாத்ரூமில், வாளிக்குப் பின்னால், ஒரு பெரிய தண்ணீர் கேனில் மூன்று வாரமாக ஒரு சமாச்சாரம் நுரைத்துக்கொண்டிருந்தது. மூலப்பொருள் எல்லாம் கீழே மலையாளி மளிகைக் கடையில் கிடைத்தவைதான். முந்தைய இரண்டு தடவை காடியாகப் போனது. மூன்றாவது தடவை, குடித்த செல்வம் துப்பவில்லை. (செல்வம் என் ரூம்மேட், எங்கள் கம்பெனியிலேயே ஏசி மெக்கானிக், பட்டுக்கோட்டைக்காரன். அவன் துப்பாததே எனக்கு ஐஎஸ்ஐ முத்திரை.) இப்படி ஒரு சாதனையை நாலு சுவருக்குள் வைத்துக் குடித்துத் தீர்ப்பதா? பூங்காவில், கடல் காற்றில், பிரியாணிக்கு முன்னால், மரத்துக்குப் பின்னால் நாலு நண்பர்கள் ருசித்துப் பாராட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். அஜ்மானிலிருந்து துபாய் போக ஷார்ஜாவைக் கடந்தாக வேண்டும். அங்கே இந்தச் சரக்கை வண்டியில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம். பிடித்தால் சுமதி வருவதற்குப் பதில் நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். இதெல்லாம் செல்வம் எடுத்துச் சொன்னான். நான் சிரித்தேன்.

பன்னிரண்டு சர்பத் பாட்டில்களில் ஊற்றி இறுக்கி மூடி, ஒரு ஆரஞ்சு நிற ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். எங்கள் கட்டடத்தில் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் ஒரே கடையில் ஒரே தள்ளுபடியில் வாங்கியதால் எல்லோரிடமும் அதே ஆரஞ்சுப் பெட்டி. ஜூஸ், தயிர், கோழி என்று ஆளுக்கொரு பெட்டி கம்பெனி பிக்கப்பில் ஏறியது. மாறிவிடக் கூடாது என்று அவரவர் பெட்டி மேல் அவரவர் பெயர். ராஜன், இக்பால், செல்வம். எழுதியது நான்தான், கட்டடத்திலேயே கையெழுத்து அழகு எனக்குத்தான் என்பதால் ஊருக்குப் போகிறவன் எவன் பெட்டியும் என் கை படாமல் போகாது. கடைசியில் என் ரகசியப் பெட்டி வந்தது. அடையாளம் வேண்டுமே. 'பீர்' என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினேன், நாலு பக்கமும்.

செல்வம் பதறினான். "ஏன்டா, போலீஸ் பாத்தா?"

"தமிழ் படிக்கிற போலீஸ் ஷார்ஜாவுல எவன்டா இருக்கான்" என்றேன்.

நான் சொன்னது நடந்தது. ஷார்ஜாவில் ஒரு சிக்னலில் போலீஸ் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். ஓரம் கட்டச் சொன்ன போலீஸ்காரர் இறங்கி வந்து, பின்னால் கயிறு தளர்ந்திருப்பதைக் காட்டினார். பிறகு அவரே ஒரு கையை என் பெட்டிமேல் ஊன்றி, 'பீர்' என்ற எழுத்துக்கு மேலேயே, கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு "யல்லா" என்று அனுப்பினார். அதன்பின் மம்சார் வரும்வரை நான் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு ஸ்பீடு பிரேக்கருக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. பெட்டிக்குள் பாட்டில்கள் கிணிங் கிணிங் என்று பேசிக்கொண்டே வந்தன.

பூங்காவில், பாயும் தொழுகிறவர்களும் ஜும்மாவுக்குப் போய் வரும்வரை பிக்கப் வெயிலில் நின்றது. சாப்பாட்டு அமளியில் பெட்டியை நைசாக நகர்த்திக்கொள்ளலாம் என்பது என் திட்டம். தொழுகை முடிந்து வந்த பாய், கோழி சுடக் கரி வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லி, பிக்கப்பை மற்ற வண்டிகள் மறித்து நின்றதால், தன் கார் சாவியையே என்னிடம் நீட்டினார். பாயின் லேண்ட் க்ரூஸர்! மேனேஜருக்குக்கூடக் கிடைக்காத பாக்கியம். கையெழுத்து விழுந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைச் செல்வத்திடம் கண்ணால் காட்டிவிட்டுக் கிளம்பினேன். செல்வம் அதை வாலிபால் ஆட வரச் சொல்வதாகப் புரிந்துகொண்டு ஆடப் போய்விட்டான்.

கரி மூட்டையோடு திரும்பியபோது பிக்கப் காலி. காசிம் காக்கா எல்லாப் பெட்டிகளையும் இறக்கியிருந்தார். கம்பெனி சமையல் அவர்தான்; காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன்; பாயின் ஊர்க்காரர், பாயோடு ஒன்றாகக் கப்பலேறி வந்தவர். ராஜன் பெட்டி ராஜனிடம், இக்பால் பெட்டி இக்பாலிடம். என் பெட்டி எங்கே என்று தேடினேன். அது நடுநாயகமாக, பாயும் அவர் மனைவியும் மாமியாரும் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் மேல் இருந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் முதலாளியின் முழுப்பெயர் பீர் முகமது. கம்பெனிக் காகிதங்களில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தினம் நூறு தடவை பார்த்திருக்கிறேன். தமிழில் எழுதிப் பார்த்ததே இல்லை. வளைகுடாவில் பெட்டி மேல் எழுதினால் அது பெயர்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதும் மடையன் எவனும் கிடையாது. காசிம் காக்காவுக்கு இந்த ஊர் வழக்கம் மட்டும்தான் தெரியும். போதாததற்கு, சின்ன வயதிலிருந்து அவர் பாயை வாய்நிறையக் கூப்பிட்ட பெயரும் 'பீர்'தான்.

"நம்ம ஸ்டோர் தம்பி ஒங்களுக்குன்னு தனியாக் கொண்டாந்துருக்கு" என்று அவர் சொல்ல, பாய் முகம் மலர்ந்து ஒரு பாட்டிலை எடுத்து மாமியாரிடம் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே போட்ட நன்னாரி சர்பத் என்று முடிவுகட்டியிருந்தார்கள். நான் கரி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். பத்தடி பாக்கி இருக்கும்போது பாய் மூடியைத் திருகினார்.

குலுங்கிக் குலுங்கி, வெயிலில் வெந்து கிடந்த சரக்கு. நுரை வேப்ப மரக் கிளையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து பாயின் தாடியிலும் ஜும்மாவுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையிலும் இறங்கியது. பெட்டிக்குள் இருந்த இன்னும் இரண்டு பாட்டில்கள் சேர்ந்து வெடித்தன. மாமியார் கலிமா சொன்னார். ஜமக்காளம் நனைந்து, காற்றில் எங்கள் பாத்ரூம் வாடை பரவியது.

காசிம் காக்கா, நன்னாரி வெயிலில் புளித்துவிட்டது போல என்றார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். பாய் கைவிரலை முகர்ந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, நான் கொட்டை எழுத்தில் எழுதியதை நிதானமாகப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"தம்பி, இது எம் பேரா, சாமான் பேரா?"

 நான் தலையைக் குனிந்தேன். பயம் இருந்தது, ஆனால் அதைவிட வெட்கம்தான் அதிகம். தொழுதுவிட்டு வந்த மனிதர்மேல் அதைத் தெறிக்க வைத்தேனே என்று நெஞ்சு கூசியது. அவர் மனைவி என்னவென்று கேட்க, பாய் திரும்பி, "சர்பத்து கெட்டுப்போச்சு, குடிக்காதிய" என்று மட்டும் சொன்னார். பூங்காவின் குளியலறையில் குளித்துவிட்டு, செல்வத்தின் வாலிபால் பனியனை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மீதி பாட்டில்களை நான் மண்ணில் கொட்டிப் புதைத்தேன். பிரியாணி எனக்கு இறங்கவில்லை. அன்று சுமதிக்குப் போன் செய்யவுமில்லை.

சனிக்கிழமை காலை பாய் கூப்பிட்டார். வேலையை விட்டு அனுப்பும் கடிதம் என்று நினைத்து, ரூமில் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். மேஜைமேல் என் ஃபேமிலி விசா கடிதம். கையெழுத்துப் போட்டிருந்தது.

"பதினோரு வருசம் நானும் இங்க தனியாக் கெடந்தவன்தான். தனியாக் கெடக்குறவன் கை சும்மா இருக்காது. ரூம்ல தண்ணிக் கேனு எதுக்கு ஆகும்னு எனக்குந் தெரியும். ஒம் பொஞ்சாதி வந்தாத்தான் அதுல நல்ல தண்ணி இருக்கும். சீக்கிரம் கூப்புடு" என்றார். அதோடு கலாஸ். நான் கேட்ட ஐந்து மாதமும் கிடைக்காத கையெழுத்து, நான் மானம் கெட்ட மறுநாளே கிடைத்தது. வெளியே வந்து குடோனில் டயர்களுக்கு நடுவே நின்று அழுதேன்.

சுமதி இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தாள். கதையைச் செல்வம் முதல் நாளே அவளிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். வளைகுடாவில் பெண்கள் புதிதாகச் சந்தித்தால் கேட்டுக்கொள்ளும் கேள்வி, உங்களுக்கு விசா எப்படிக் கிடைத்தது என்பது. சுமதி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எல்லாம் பீர் புண்ணியத்துல" என்பாள். கேட்டவர்கள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பேன். எந்தப் பீர் என்று சொல்லப் போனாலும் இன்னொரு பீரையும் சொல்லியாக வேண்டும் என்பதால், பேசாமல் டீயைக் குடித்துவிடுவேன்.