ஒருத்தரும் ஒருக்காலும் எடுக்கத் தேவையில்லை

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், சிட்னியின் டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து, மெல்பேர்னுக்குக் குடிபெயர்பவர்களோடு ஒரு கார் புறப்பட்டது. உள்ளே விக்னராஜா அங்கிளின் ஒரே மகள் வினுஷாவும், ஈரானில் பிறந்த குர்தியனான அவள் கணவன் ஆராமும். வாசலில் அங்கிள். மனைவியை இழந்தவர், இனி வீட்டில் அவர் மட்டும்தான். காருக்குள் குனிந்து சொன்னார்: "எனக்கு ஒண்டும் கவலையில்லை. ஒருத்தரும் ஒருக்காலும் எனக்கு ஃபோன் எடுக்கத் தேவையில்லை."

வாசகரே, இவர்தான் இல்லைக்காரர்.

நீங்கள் இவரை அறிவீர்கள். "பசியில்லை" என்றபடி கதிரையை மேசைப் பக்கம் இழுப்பார். "ஒண்டும் வேண்டாம்" என்று கோப்பையை நீட்டுவார். பிறந்தநாள் வருகிறதென்றால் "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று ஒரு வாரம் முன்பே ஊரெல்லாம் அறிவித்துவிட்டு, அன்று விடிந்ததும் சவரம் செய்து, புதுச்சட்டை போட்டு, ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். இல்லை கூடக்கூட ஆசை கூடும். அவ்வளவுதான் இலக்கணம்.

ஊர் சுற்றிய காலத்தில் பாரசீகம் பேசுபவர்களிடமும் குர்தியரிடமும் நிறைய இல்லைகளைக் கேட்டிருக்கிறேன். அவர்களும் அடுக்குவார்கள்: ஒருவரும், ஒருபோதும், ஒன்றும் சொல்லவில்லை. உபசார 'வேண்டாம்' அங்கும் உண்டு. அது வேறு சாமான். அவர்களின் இந்த அடுக்கில் ஒவ்வொரு சொல்லும் கதவில் அறைகிற ஆணி. கதவு திறக்காது.

ஆராம் அந்த ஊர்ப் பிள்ளை. மாமனார் இத்தனை ஆணி அடித்திருக்கிறாரே என்று மதித்தான். ஃபோன் எடுத்து அழைக்கவில்லை. வினுஷா? அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். "அப்பாவோட எனக்கு ஒண்டும் கதைக்கத் தேவையில்லை" என்றாள். அதையும் மதித்தான்.

அங்கிள் குளியலறைக்கும் ஃபோனோடு போனார்.

"நீங்களே மகளுக்கு ஃபோன் எடுங்கோவன், அங்கிள்" என்றேன்.

"எனக்கென்ன தேவை? நான் அதுகளை யோசிக்கிறதே இல்லை, பிள்ளை."

சிரிக்கிறீர்களா? உங்களிடம் இந்தப் பழக்கம் ஒருபோதும், ஒரு துளியும், கிடையவே கிடையாது என்கிறீர்களா? எத்தனை ஆணி அடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தைப்பூசத்தன்று மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கார் நிறுத்தும்போது அங்கிளின் ஃபோன் கிணுங்கியது. "கண்ணாடி கொண்டு வரேல்லை, வாசி பிள்ளை. அவசரமொண்டுமில்லை" என்று அதை என் கையில் திணித்தார். ஆராம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்:

"அங்கிள், மகள் பிறந்திருக்கிறாள். உங்களுக்குச் சொல்லவே கூடாது, நீங்கள் ஒருபோதும் வரவே கூடாது என்கிறாள் வினுஷா. ஆனால் உங்களுக்கென்று ஓர் அறையைக் கூட்டி, படுக்கையும் விரித்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எனக்கு விளங்கவில்லை. இது எந்த நாட்டு இல்லை?"