கொம்பைத் திருப்பினால் நெட்டு வரும்

மனுஷப் பிறவியில் ஒரு தனி ரகம் உண்டு. சர்க்கார் கணக்கெடுப்பில் அந்த ரகம் வராது. ஆனால் உங்கள் தெருவில் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அடுத்த வீட்டில் வைஃபை மெதுவாகிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், சோற்றில் வைத்த கையைக் கழுவாமல்கூட ஓடி வருவார். யாரும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. சர்க்கரை கொட்டினால் எறும்புக்கு ஆள் அனுப்புகிறோமா? வைஃபை வைத்தியர் என்று இவர்களுக்கு நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். படிப்பு கிடையாது, போர்டு கிடையாது, ஃபீஸ் கிடையாது. டீ மட்டும் உண்டு, அதுவும் இரண்டு தரம்.

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்த வைத்தியர் உத்திராபதி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பைப் ஃபிட்டர். வாலிபத்தில் மொட்டை மாடியில் ஏறி, ஆன்டெனாக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கடல் பக்கம் ஒரு இம்மி, ரயில் ரோடு பக்கம் ஒரு இம்மி என்று திருப்பித் திருப்பி, இலங்கை டிவியில் தெருவுக்கே கிரிக்கெட் பிடித்துக் கொடுத்தவர். கீழே நின்று மொத்தத் தெருவும் "வருது, வருது, ஐயோ போச்சு" என்று கத்தும். அன்றைக்கு ஏறிய கிறுக்கு இன்றைக்கும் இறங்கவில்லை. ரவுட்டரின் முதுகில் நிற்கும் இரண்டு கொம்பைப் பார்த்ததும் அவருக்குக் கை அரிக்கும்.

"நெட்டு கம்பியில வருது மாமா, ஆகாசத்துலேர்ந்து வரல" என்று யாராவது சொன்னால் ஒரே கேள்வி கேட்பார்: "கம்பியில வந்தா அப்புறம் எதுக்குய்யா கொம்பு?"

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

வைத்தியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, "காயுது" என்பார். கரண்டில் ஓடுகிற எந்தப் பெட்டி காயாது? அடுத்து விளக்குகளை முறைப்பார். பச்சை எரிந்தால், "இது பொய்ப் பச்சை." சிவப்பு எரிந்தால், "நான் அப்பவே சொன்னேன்." அப்புறம் காரணம் கண்டுபிடிப்பார். கடலூர் என்றால் உப்புக் காற்று. மழை பெய்தால் ஈரம், வெயில் அடித்தால் வெயில். போன வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனவர், கீழ வீதியில் சிநேகிதர் விஸ்வேஸ்வரன் வீட்டு மாடியில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கோபுரம் மறைக்குது சார்" என்று தீர்ப்புச் சொன்னார்.

விஸ்வேஸ்வரன் மிரண்டு போய், "அதுக்கு என்ன பண்றது?" என்றார்.

"வூட்டத்தான் மாத்தணும். கோபுரத்த நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது."

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டிலேயே தங்கச்சி கொளஞ்சியம்மாள். நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் மகள் இளமதி, படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறவள். சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோவில் இண்டர்வியூ வைத்தது. பாதியில் நெட்டு நின்று, இளமதியின் முகம் ஒரு கண் மூடி, வாய் திறந்து, கொட்டாவி விட்ட பொம்மை மாதிரி அவர்கள் திரையில் உறைந்துபோனது. "இன்னொரு சான்ஸ் தர்றோம்மா, இதுதான் கடைசி" என்றார்கள். அந்தக் கடைசி சான்ஸ் காலை பதினோரு மணிக்கு. பத்து மணிக்கே நெட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டது. "அய்யோ, மறுபடியுமா!" என்று இளமதி கத்தியது சுவரைத் தாண்டிவிட்டது.

அப்புறம் என்ன? வைத்தியர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நின்றார்.

"அண்ணே, வேணாம். கேபிள்காரருக்கு போன் போட்டுக்கலாம்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"யாரு, அந்தோணிசாமியா? அவன் கம்பத்துல ஏறத்தான் லாயக்கு. நகரு நீ."

பெட்டி டிவி மேசையிலிருந்து கிளம்பியது. கம்பி இழுத்த மட்டும் ஜன்னலுக்குப் போனது, அலமாரிக்குப் போனது, கடைசியில் ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்தது. சிக்னல் பின்பக்கமாக ஒழுகுகிறது என்று அதற்கு ஒரு எவர்சில்வர் தட்டு முட்டுக் கொடுக்கப்பட்டது. பிறகு கொம்பு.

"இளமதி! வருதா?"

"சுத்திக்கிட்டே இருக்கு மாமா."

"இப்ப?"

"இல்ல மாமா."

"கடல் பக்கம் திருப்புறேன். இப்ப?"

"மாமா, இது ஆன்டெனா இல்ல!"

"வாயாடாத. வருதா, வரலியா?"

வரவில்லை. இளமதி புடவை கட்டி, பொட்டு வைத்து, லேப்டாப் முன்னால் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி பத்தே முக்கால். இந்த இடத்தில் சராசரி மனிதன், 'எனக்குத் தெரியலம்மா' என்று ஒதுங்கிக்கொள்வான். வைஃபை வைத்தியர் அகராதியில் அந்த வார்த்தையே கிடையாது.

"கொளஞ்சி, ஒரு ஊக்கு குடு."

அவள் தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

"மாமா, அது ரீசெட் ஓட்டை, குத்தாதீங்க!" என்று இளமதி பாய்வதற்குள் குத்தியாகிவிட்டது. மொத்த விளக்கும் அணைந்தது. பெட்டி பழைய பேர், பழைய பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

"தூங்க வச்சிருக்கேன். எழுந்தா குதிரை மாதிரி ஓடும்" என்றார் உத்திராபதி. சொல்லும்போது அவர் தொண்டையே அதை நம்பவில்லை.

இளமதி அந்தோணிசாமிக்கு போன் போட்டாள். "யாரு குத்துனது, உங்க மாமாவா?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். "சரி சரி, அழுவாத. லைன நான் இங்கேர்ந்து ஏத்தி வுடறேன். பொட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டு இருக்கும், அதப் போடு."

பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஸ்டிக்கர் இருந்தது. அதன் மேல் காய்ந்து இறுகிய சந்தனமும், நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமமும் இருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்தியரே வைத்தது. முன்னால் வைத்தால் விளக்கு மறையும் என்று யோசித்து, யோசித்து, அடியில் வைத்திருக்கிறார்.

தாய் முந்தானையை நனைத்துத் தேய்க்க, மகள் நகத்தால் சுரண்ட, ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. பெட்டியும் கண் விழித்தது. பதினோரு மணிக்கு இளமதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் தடங்கல் இல்லாமல் கேட்டது. பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள்!

"கேட்டியா?" என்று உத்திராபதி மீசையைத் தடவினார். "எல்லாம் அந்த ஒரு குத்து."

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சம்சாரம் லோகநாயகியின் குரல் வந்தது.

"என்னாங்க! நம்ம டிவி நின்னு போச்சி! வாசல் கேமராவும் தெரியல! கொளஞ்சி வூட்டு நெட்டு புடுங்கிக்கிச்சா?"

கொளஞ்சியம்மாள் மெல்லத் திரும்பினாள்.

"ஏண்ணே, உன் வூட்டு டிவி எங்க நெட்லியா ஓடுது?"

"ஒரே குடும்பந்தான கொளஞ்சி. இதுல என்னா உன் நெட்டு, என் நெட்டு?"

"வேற யாருக்குக் குடுத்த?"

"மாடியில குடியிருக்கவருக்கு. அவரு புதுசு, பாவம். அப்புறம் நம்ம எதிர் வூட்டுப் பக்கிரி, பொண்ணு கல்யாண வீடியோ அனுப்பணும்னான்."

"தெருமுனை டீக்கடைக்கும் குடுத்தியா?"

உத்திராபதி ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

பெட்டிக்கு எந்த நோயும் இல்லை. அரைத் தெரு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வைத்தியர் குத்தியபோது எல்லோரும் உதிர்ந்துவிட்டார்கள், வைத்தியர் உட்பட.

கதவு திறந்தது. "எடுத்துக்கிட்டாங்கம்மா!" என்று இளமதி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உத்திராபதிக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அதில் பொய் இல்லை. தெருவுக்கே மிட்டாய் வாங்குகிறேன் என்றார். வாசல் வரை போனவர் நின்றார்.

"கண்ணு, அந்த ஸ்டிக்கர்ல என்னா போட்டிருந்திச்சி?"

இளமதி அம்மாவைப் பார்த்தாள். கொளஞ்சியம்மாள் ஸ்டிக்கரை அப்போதே உரித்து முந்தானையில் முடிந்திருந்தாள்.

"நீ மிட்டாய வாங்கிட்டு வாண்ணே" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காசா பணமா? ஆனால் கையிலிருக்கும் போனின் நெற்றியில் விசிறி மாதிரி ஒரு குறி தெரிகிறதே, அதற்கு மாசா மாசம் பணம் கட்டுவது யார்? நீங்கள்தானா? நல்லா யோசித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் ரொம்ப மெலிசு.