அத்தை கல்யாண வீடியோவில் என் முகம்

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

மதிப்பிற்குரிய தேவகி அத்தைக்கு,

பிரவீனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் அபியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் விழாவில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "அபி, அதை நிறுத்து" என்று சொல்லவில்லை. "இது நான் வேண்டுமென்று எடுத்த படமில்லை" என்று சொல்லவில்லை. மாமா மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியபோது அது எனக்குத் தகாது என்றும் சொல்லவில்லை, குனிந்து கொடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் எது கேட்டாலும் என் வாய் "சரிங்க அத்தை" என்றே சொல்லிப் பழகிவிட்டது. அதனால்தான் கடிதம்.

உங்கள் கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றித் தரும் பொறுப்பை நானேதான் கேட்டு வாங்கினேன். பழைய கேசட் பிளேயரை அப்பா யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். அதற்கும் கணினிக்கும் நடுவே செருகும் யூஎஸ்பி கருவியை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். "உன்னுது லினக்ஸாம்மா? அதுல இது ஓடாது. உள்ள சிடி வச்சிக்கிறான் பாரு, விண்டோஸுக்கு" என்றார் கடைக்காரர். சிடி தேவையே இல்லை, லினக்ஸ் தானாகவே கண்டுகொள்ளும் என்று அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன், அத்தை. கடைக்கு வந்த இரண்டு பேர் வேறு நின்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து செருகினால், நான் சொன்னபடியே கண்டுகொண்டது. அந்தத் திமிரில்தான் மற்றதெல்லாம் நடந்தது.

லினக்ஸ் படம் தரும் கருவிகளுக்கு எண் போட்டு வைக்கும். பூஜ்யம் என்பது மடிக்கணினியின் நெற்றியில் இருக்கும் கேமரா. நான் செருகிய கருவிக்கு எண் இரண்டு. இணையத்தில் யாரோ எழுதியிருந்த கட்டளையை அப்படியே எடுத்துப் போட்டேன், அதில் பூஜ்யம் இருந்தது, ஒலிக்கு மட்டும் சரியான எண்ணைத் தேடிப் பிடித்து மாற்றினேன், ஆக சத்தம் உங்கள் கல்யாணத்திலிருந்தும் படம் என் நெற்றிக்கு எதிரிலிருந்தும் பதிவாகத் தொடங்கியது, கேமராவின் குட்டி விளக்கு எரிந்தது, பதிவு நடக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். யாரும் என்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காதென்று அந்தக் கேமராவின்மேல் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பேன். அன்று காலை அம்மா மாகறல் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், வேறு பொட்டு அகப்படாமல், அதைப் பெயர்த்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விட்டாங்க.

கேசட் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. மாமா வழியில் நீங்கள் எனக்குப் பார்த்திருக்கும் சத்யராஜை வேண்டாம் என்று விழாவன்று உங்களைத் தனியே அழைத்துச் சொல்வதாக இருந்தேன். அதை அந்தத் திரையைப் பார்த்துப் பேசிப் பழகினேன். அவர்மேல் குறை ஒன்றுமில்லை. வீட்டில் புத்தகம் சேர்த்தால் கரையான் வரும் என்றார், அவ்வளவுதான். அது உண்மையும்கூட. ஆனாலும் எனக்கு மனசு வரல அத்தை.

முடிந்ததும் கோப்பைத் திறந்தேன். நாதஸ்வரம் கேட்டது. அதற்குள் கோயிலிலிருந்து திரும்பியிருந்த அம்மா, விழாவுக்குப் போக பஸ் போய்விடும் என்று கத்தினாங்க. படத்தைப் பார்க்காமலே மூடி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகு நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. அபி அதைச் செருகினாள், சுவர் அகலத் திரையில் நைட்டியோடு நான் வந்தேன். கெட்டிமேளம் கொட்டும்போது இரு கையையும் கூப்பித் தலையை ஆட்டினேனே, அது வெட்கமில்லை. "என்னை மன்னிச்சிடுங்க அத்தை, வேணாம்" என்று கெஞ்சியது. நெஞ்சைத் தொட்டது பக்தியில்லை. மனசில்லை என்று சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா பூவம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அத்தைக்காக நடிச்சே காட்டிக்கிது பாரு, இன்னா முகபாவம்" என்று அம்மாவிடம் சொன்னார். முன்வரிசையில் சத்யராஜ் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அழுதீர்கள். நீங்கள் அழுததைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பந்தி போடுகிறவரை அது ஓடியது.

இப்போது எழுத்தில் சொல்கிறேன்: எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வர வேண்டாம் என்று தயவுசெய்து அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். இத்துடன் வேறொரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டேன். இதில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். தாலி கட்டும்போது சிரிக்கிறீர்கள், பக்கத்தில் யாரோ அதட்டுகிறார்கள், மறுபடியும் சிரிக்கிறீர்கள். பொன்னாடையைத் திருப்பி அனுப்ப நினைத்தேன். அம்மா அதில் மிக்ஸிக்கு உறை தைத்துவிட்டாங்க.

மாமாவுக்கு என் வணக்கம். அபிக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் ஐம்பதாவது கல்யாண நாளும் நல்லபடி வரட்டும். அதற்கு வேறு யாராவது வீடியோ எடுக்கட்டும்.

தலை நிமிர முடியாத
உங்கள் மருமகள்,
பிரவீனா

பி.கு.: மேலே எழுதியது எதுவும் இனித் தேவையில்லை. உறையை ஒட்டியும் தபாலில் போடத் துணிவு வராமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், இப்போது பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். அதற்குள் பூவம்மாள் அம்மாவுக்குப் போன் செய்தார். "பையன் செல்லுல புடிச்ச படத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துக்கினே இருந்தான்மா. வாயசைவு பூரா வேணாம் வேணாம்னே இருக்குதாம். இஷ்டம் இல்லாத பொண்ணத் தொந்தரவு பண்ணாதீங்கன்றான்" என்றாராம். யாருக்கும் கேட்காமல் நான் பேசியதைக் கேட்டது சத்யராஜ் ஒருவர்தான். அம்மா என்னுடன் பேசுவதில்லை. நன்றி சொல்லி அவருக்கு இரண்டு வரி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஓச்சேரியில் ஒரு பெண்ணுக்கு அவர் வீட்டார் பூ வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள்.