காராமணியால் கவிழ்ந்த பேரரசு

அன்புள்ள பூபகர் மாமாவுக்கு,

ஸெகூவிலிருந்து உங்கள் மருமகள் ஸிரா கெய்ட்டா எழுதுவது. இதை யாருக்கும் காட்டாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அத்தைக்குத் தெரிந்தால் பமாகோ முழுக்கத் தெரிந்துவிடும். நீங்கள் நலமா, அத்தை நலமா, ஆடுகள் நலமா? இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம்.

இன்று பள்ளிக்குக் கல்வி அதிகாரி வந்தார். கூலிபாலி என்பவர் வரப்போவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். கெய்ட்டா குலத்தாரும் கூலிபாலி குலத்தாரும் கண்ட இடத்தில் ஒருவரையொருவர் 'காராமணி தின்னி' என்று கேலி பேசலாம், யாரும் கோபிக்கக் கூடாது என்பது தெரியாத பிள்ளை நம் ஊரில் உண்டா? அதனால் அவர் என்னை எழுப்பி, "பழைய மாலிப் பேரரசு ஏன் சரிஞ்சுது, சொல்லு பாப்போம்" என்றதும், தெரிந்த பதிலையெல்லாம் விழுங்கிவிட்டேன். அரியணைக்காக இளவரசர்கள் அடித்துக்கொண்டது, கப்பம் கட்டியவர்கள் நழுவியது, பக்கத்து நாட்டு ஸொங்காய்க்காரர்கள் திம்பக்டூ நகரைப் பிடித்தது, பாலைவனத்தில் போன தங்கம் கடற்கரைக் கப்பல்கள் பக்கம் திரும்பியது, எல்லாமே தெம்பேலே டீச்சர் தொண்டை வற்ற நடத்தியவைதான். நானோ, "உங்க கூலிபாலி ஆளுங்கதான் ஐயா காரணம். இருந்த காராமணியெல்லாம் தின்னு தீத்துட்டீங்க. ஒட்டகத்துக்குக்கூட மிச்சம் வைக்கலை. அப்புறம் அது எப்படி உப்பு சுமக்கும்?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கூலிபாலிக்குக் காய்ச்சலாம். வந்திருந்தவர் கெய்ட்டா! அப்பாவைவிட மூத்தவர், எங்கள் குலத்துப் பெரியவர், அவரிடம் இந்தக் கேலியெல்லாம் செல்லாது. அவர் பெயர் சொன்னபோது நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்.

"யாரும்மா இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "நான்தாங்க" என்றார்.

டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, மாமா. இந்த அதிகாரி எழுதப்போவதை வைத்துத்தான் முடிவாகும். அப்போதே மறுத்திருக்கலாம். நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்?

போகும்போது அவர், "நானும் கெய்ட்டாதான். ராத்திரி வீட்டுக்கு வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார். அதையும் நான் சொல்லவில்லை.

நீங்கள் சரித்திர வாத்தியார். அவரிடம் பேசி டீச்சரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். அவர் விடிந்ததும் கிளம்பிவிடுவார், இந்தக் கடிதம் அதற்குள் உங்களிடம் வராது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள்.

"யாரு?" என்கிறார் அப்பா.

"கெய்ட்டா!"

"இங்கயும் கெய்ட்டாதான்! எந்த கெய்ட்டா?"

அப்பா சிரித்தபடி இருட்டில் செருப்பைத் தேடுகிறார். அவருக்கு முன்னால் நான் போய்த் திறக்க வேண்டும். திறந்ததும் முதல் வார்த்தையாக, டீச்சர் அப்படிச் சொல்லித்தரவே இல்லை, நான்தான் உளறினேன் என்று சொல்லப்போகிறேன்.