ஒரு வார்த்தையும் சேர்க்காமல் வாசித்தது குறித்து

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய அண்ணனும், அதைவிட மதிப்பிற்குரிய சபைக் கமிட்டிச் செயலாளருமாகிய தங்களுக்குத் தங்கை எழுதுவது. நான் நலம். என் கோபமும் நலம். அண்ணியின் முழங்கால் வலிக்காக ஜெபிக்கிறேன்.

புதன்கிழமைக்குள் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால், சபையில் வேதம் வாசிப்போர் பட்டியலிலிருந்து என்னை நீக்குவதாகத் தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. சொந்தத் தங்கைக்குப் பதிவுத் தபாலா? பக்கத்துத் தெருதானே, நடந்து வந்து திட்டியிருக்கலாம்.

போன ஞாயிறு போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிரசங்கிக்க வேறு ஆண் கிடைக்கவில்லை. பெண் வாசிக்கலாம், பிரசங்கிக்கக் கூடாது, பீடத்தில் ஏறாமல் கீழே மேசையருகே நிற்க வேண்டும், ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது தாங்கள். இடைவெளி விட்டால் நான் பேசிவிடுவேன் என்று பயந்து, இயேசு உயிர்த்தெழுந்த காலையை நாலு சுவிசேஷத்திலிருந்தும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லி இருபது நிமிஷத்தை நிரப்பினதும் தாங்களே. இருபத்தாறு வருஷமா அச்சகத்துல பிழை திருத்தறவ நான், இருக்கிறதை இருக்கிறபடி வாசிக்க எனக்கா தெரியாது? மத்தேயுவில் ரெண்டு பெண்கள் கல்லறைக்குப் போனாங்க, யாரும் அசையலை. மாற்குல மூணு பேர் ஆனதும் தையல்காரர் தலையைத் தூக்கினார். லூக்காவில் ஒரு கூட்டமே கிளம்பினதும், "எழுதினவங்களை முதல்ல சரியா எண்ணச் சொல்லும்மா"ன்னு சத்தமாவே சொல்லிட்டார். யோவான்ல மகதலேனா மரியாள் ஒருத்திதான்னு வாசிச்சேன் பாருங்க, அவ்வளவுதான், சபையே ரெண்டாயிடுச்சு. தூதர் ஒருத்தரா ரெண்டு பேரான்னு பஸ் டிரைவர் கேட்க, நர்ஸம்மா எழுந்து, "மாற்குல அந்தப் பொம்பளைங்க பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லலைன்னு இருக்கே, சொல்லாமலா நாம இங்க வந்து உட்கார்ந்திருக்கோம்?"னு கேட்க, எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறாங்க. பதில் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. உங்க தீர்மானத்தை நினைச்சு விழுங்கிட்டு, முதல்லேர்ந்து மறுபடியும் வாசிச்சேன். இதுக்குப் பேர் கலகமா?

எண்ணிக்கை நாலு விதமா இருக்கட்டும் அண்ணா. அந்தக் காலையில முதல்ல போனது பெண்கள்னு நாலு பேருமே எழுதியிருக்காங்க. "அப்போ ஆம்பளைங்க எங்க இருந்தாங்க?"ன்னு நான் கேட்கலை. கேட்டது அண்ணி. உங்க கோபத்துக்கு அதுதானே காரணம்? அவங்களைத் திட்டத் தைரியமில்லாம எனக்கு நோட்டீஸ்! லூக்காவில் சீஷர்கள் அந்தப் பெண்களை நம்பாம வெட்டிப்பேச்சுன்னு தள்ளினாங்க. நோட்டீஸ்ல நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க.

மன்னிப்புக் கேட்க முடியாது. பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தா எனக்கு வலிக்கும், நிஜமாவே வலிக்கும். வாரம் ஆறு நாள் ஊர்ப்பட்ட எழுத்தைப் படிக்கிறேன், அந்த ஒரு நாள்தான் எனக்காகப் படிக்கிறேன். அதுக்காகப் பொய் எழுதித் தர மாட்டேன்.

கர்த்தர் தங்களுக்குச் சுகத்தையும் கமிட்டிக்குக் கேட்கிற காதையும் தருவாராக. அண்ணிக்கு என் அன்பும் நன்றியும்.

இப்படிக்கு,
தீர்மானத்துக்குக் கீழ்ப்படிந்த தங்கை

பி.கு.: ஒரு வார்த்தையும் சேர்க்கலைங்கிறது பொய். மாற்குல நீங்க குறிச்சுக் கொடுத்த பகுதி, அவங்க யார்கிட்டயும் சொல்லலைங்கிறதோட முடியுது. ரெண்டாம் தடவை வாசிச்சப்போ என்னால தாங்க முடியலை. "பிறகு சொன்னார்கள்"னு நானே சேர்த்துட்டேன். வேதத்தைக் கரைச்சுக் குடிச்ச உங்க கமிட்டியில ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. நர்ஸம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. வர்ற ஞாயிறும் சேர்ப்பேன், பீடத்துல ஏறி நின்னு.